அத்தைக்கு வாங்கி வந்த காகிதம்

மாலையில் பஜ்ஜி வாங்கி வருகிறோம். கடைக்காரர் பழைய பத்திரிகைத் தாளில் சுடச் சுட மடித்துக் கொடுக்கிறார். (அரும்பாடுபட்டு எழுதிய கட்டுரைக்கெல்லாம் கடைசியில் அந்தக் கதிதான் நேருகிறது. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) வீடு வந்து பிரிப்பதற்குள் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. அந்தப் பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறது. அந்தத் தாளைத் தூக்கி எறியாமல் அலமாரியில் ஒரு வருஷம் வைத்திருந்து எடுத்துப் பாருங்கள். மஞ்சள் பூத்து, மடித்த இடத்தில் அப்பளம் போல் ஒடியும்.

காகிதத்துக்கும் எண்ணெய்க்கும் ஆகாது என்பது நம் ஒவ்வொருவர் வீட்டிலும் தெரிந்த விஷயம். அப்படியிருக்க, எண்ணெயில் குழைத்த வர்ணத்தைக் கொண்டு காகிதத்தில் சித்திரம் எழுதினால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதை நான் குழந்தைப் பருவத்திலிருந்தே பார்த்து வந்திருக்கிறேன். எங்கள் அத்தையின் அறையில், பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி சாத்தி வைத்த ஒரு படம் இருந்தது. 1968-ம் வருஷம், அத்தைக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது, அவள் கையால் எழுதிய படம். திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு என் பாட்டி அரிசியில் கல் பொறுக்குகிறாள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கும் பார்வை இருக்கிறதே, அது அச்சாகப் பாட்டியேதான் என்று அவளை அறிந்தவர்கள் எல்லாம் சொல்வார்கள். பாட்டிக்குப் போட்டோ எடுத்துக்கொள்வதில் நம்பிக்கை கிடையாது. ஆயுசு குறையும் என்பாள். ஆகையினால் எங்கள் குடும்பத்தில் அவளுடைய முகம் என்று இருப்பது அந்த ஒரு படம் மட்டும்தான்.

அத்தைக்கு அவளுடைய அண்ணா, அதாவது என் அப்பா, ஒரு பெட்டி எண்ணெய் வர்ணம் வாங்கிக் கொடுத்திருந்தார். கான்வாஸ் வாங்கிக் கொடுக்கப் பணம் போதவில்லை. பள்ளிக்கூடத்து டிராயிங் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அத்தை அதிலேயே எழுதிவிட்டாள். இரண்டு வருஷம் போயிற்று. முறத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் படர்ந்தது. பிறகு பாட்டியின் புடவை நிறம் மங்கி, சுண்ணாம்பு பூத்தாற்போல் ஆயிற்று. பத்தாவது வருஷம் சட்டத்தை மாற்றலாம் என்று பிரித்தபோது ஒரு மூலை கையோடு ஒடிந்து வந்துவிட்டது. தாளின் பின்பக்கத்தைப் பார்த்தால் பஜ்ஜிக் காகிதம்தான்.

"அவளுக்குக் கை ராசி இல்லை" என்று யாரோ ஒரு பெரியவர் சொன்னாராம். சொன்னவர் மறந்திருப்பார். அத்தை மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கோலம் போட்டாளே தவிர, தூரிகையைத் தொட்டது கிடையாது.

போன வருஷம் நான் இத்தாலிக்குப் புறப்பட்டபோது, ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டே அத்தை மெதுவாகக் கேட்டாள்:

"ஏண்டி, அந்த ஊர்லே பெரிய பெரிய சித்திரக்காரனெல்லாம் இருந்திருக்கானே, அவா யாராவது காகிதத்துலே எண்ணெய் வர்ணம் போட்டிருக்காளா? போட்டா எப்படி நிக்கறதுன்னு கொஞ்சம் கேட்டுண்டு வாயேன்."

ரோமாபுரிக்குப் போகிறவர்களிடம் ஜனங்கள் ஜபமாலை வாங்கி வரச் சொல்வார்கள். தோல் பை வாங்கி வரச் சொல்வார்கள். எனக்கு வந்த உத்தரவு இது.

* * *

ரோம் நகரில் இறங்கி விசாரித்ததும் எனக்கு ஒரே ஆச்சரியமாகப் போய்விட்டது. காகிதத்தில் எண்ணெய் வர்ணம் எழுதுவதை ஒரு வித்தையாகவே வளர்த்த ஊர் அது!

இருநூறு, இருநூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் ஐரோப்பாவின் பல தேசங்களிலிருந்தும் இளம் சித்திரக்காரர்கள் ரோமுக்கு வந்து குவிந்தார்கள். பெரிய படங்களை வீட்டுக்குள் உட்கார்ந்து மாதக்கணக்கில் கான்வாஸில் எழுதுவார்கள். ஆனால் வெளியே போய், வானத்தையும் மேகத்தையும் இடிந்த மண்டபத்தையும் கண்ணால் பார்த்தபடியே எழுத வேண்டும் என்றால் கான்வாஸையும் சட்டத்தையும் சுமந்துகொண்டு மலையேற முடியுமா? காகிதம் லேசு, மலிவு, வர்ணப் பெட்டியின் மூடியில் குத்திக்கொண்டு போய்விடலாம். வர்ணமும் சீக்கிரம் உலரும்.

வலென்சியென் என்ற பிரெஞ்சுக்காரர் 1780-களில் ரோமில் இப்படிக் காகிதத்தில் ஏராளமான சிறு படங்கள் எழுதினார். 1800-ம் வருஷம் அவர் வெளியிட்ட பாடப் புத்தகத்தில் மாணவர்களுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். ஒரு காட்சிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காராதே, சூரியோதயம், அஸ்தமனம் என்றால் அரை மணிக்குள் முடித்துவிடு என்பது அதன் சாரம். ஏனெனில் வெளிச்சம் நமக்காகக் காத்திருக்காது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கும் நமக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல.

இந்தக் கூட்டத்தில் பெரும் புகழ் பெற்றவர் கோரோ. 1796-ல் பாரிஸில் பிறந்தவர். அவருடைய தாயார் சீமாட்டிகளுக்குத் தொப்பி தைத்து விற்கும் கடை வைத்திருந்தார். தகப்பனார் பிள்ளையை ஜவுளி வியாபாரத்தில் பழக்கப் பார்த்தார். பிள்ளைக்குத் துணி அளக்க மனம் ஓடவில்லை. இருபத்தாறாவது வயதில், "சரி, சித்திரமே எழுது" என்று பெற்றோர் இறங்கி வந்தார்கள். 1825-ல் கோரோ இத்தாலிக்கு வந்து சேர்ந்தார். மறு வருஷம் நார்னி என்ற ஊரில் ஒரு பாலத்தை எழுதினார். காகிதத்தில், எண்ணெய் வர்ணத்தில்! அகலம் 48 சென்டிமீட்டர், உயரம் 34 சென்டிமீட்டர். நம் வீட்டுத் தாம்பாளத்தின் அளவுதான். அந்தக் காகிதம் இன்றைக்குப் பாரிஸில் லூவ்ர் காட்சிசாலையில் இருக்கிறது.

1968-ல் எழுதிய படம் பத்து வருஷத்தில் ஒடிந்தது. 1826-ல் எழுதிய படம் இருநூறு வருஷமாக நிற்கிறது. இரண்டும் காகிதம்; இரண்டும் எண்ணெய். நடுவில் என்ன மர்மம்? இதைக் கண்டுபிடிக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

* * *

ரோமிலிருந்து அங்கோனா என்ற துறைமுகத்துக்குப் போகும் ரயிலில் ஏறினேன். இந்த ரயில் பாதை மிகவும் சௌகரியமானது. முதலில் நார்னி வருகிறது. அப்புறம் மலைகளைத் தாண்டினால் ஃபாப்ரியானோ வருகிறது. ஒன்று படம் பிறந்த ஊர். மற்றொன்று காகிதம் பிறந்த ஊர்.

நார்னியில் ஸ்டேஷன் கீழே இருக்கிறது. ஊர் மலை மேல் இருக்கிறது. ரோமானியர் காலத்தில் இந்த ஊருக்கு 'நார்னியா' என்று பெயர். உங்கள் வீட்டுக் குழந்தைகள் படிக்கும் நார்னியா கதைகளை எழுதிய ஆசிரியர், ஒரு பழைய தேசப்படத்தில் இந்தப் பெயரைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டாராம். ஆனால் நான் சிங்கத்தைத் தேடிப் போகவில்லை. பாலத்தைத் தேடிப் போனேன்.

நேரா என்ற நதியின் மேல் அகஸ்டஸ் சக்கரவர்த்தி காலத்தில், கி.மு. 27-ல் கட்டிய பாலம் அது. இப்போது ஒரே ஒரு வளைவுதான் முழுசாக நிற்கிறது. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. சுமார் முப்பது மீட்டர் உயரம். மற்றவை எல்லாம் இடிந்து தூண்களாக நதியோரம் கிடக்கின்றன. கோரோ வந்தபோதும் அது இடிந்த பாலம்தான். நதிக்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். செப்டம்பர் மாதத்து வெயில். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இதே ஓரத்தில் எங்கேயோ முப்பது வயது இளைஞர் ஒருவர் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டுமே என்ற அவசரத்தில் எழுதியிருக்கிறார்.

பாரிஸ் கண்காட்சிக்காக இதே காட்சியைக் கோரோ பிற்பாடு பெரிய கான்வாஸில் எழுதினார். மரங்கள், ஆடு மேய்ப்பவர்கள் எல்லாம் சேர்த்து, தலை வாரிப் பூ வைத்தது போல் 1827-ல் அனுப்பினார். அது இப்போது கானடா தேசத்தில் ஆட்டவா நகரில் இருக்கிறது. ஆனால் இரண்டையும் பார்த்த ரசிகர்களில் பலருக்குக் காகிதத்தில் எழுதிய சின்னப் படத்தின் மேல்தான் பிரியம் அதிகம். எனக்கு அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தபோது காரணம் புரிந்தது. பெரிய படம் யோசித்து எழுதியது. சின்னப் படம் பார்த்து எழுதியது. அத்தையும் பாட்டியைப் பார்த்துத்தான் எழுதினாள்.

* * *

ஃபாப்ரியானோ மலைகள் சூழ்ந்த சிறிய ஊர். நடுவில் ஒரு சதுக்கம். 1255-ல் கட்டிய கோட்டை மாதிரியான மாளிகை; அதற்கு முன்னால் 1285-ல் அமைத்த வட்டக் கல் நீரூற்று. ஊருக்குள் ஜியானோ என்ற சிற்றாறு ஓடுகிறது. இந்த ஆறுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஆற்றுத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் சம்மட்டிகளைத் தூக்கிப் போட, சம்மட்டிகள் கந்தல் துணியை இடித்துக் கூழாக்க, எழுநூறு வருஷங்களுக்கு முன்பே இங்கே காகிதம் பிறந்தது.

காலையில் காகிதக் காட்சிசாலைக்குப் போனேன். முன்பு அது டொமினிக்கன் சந்நியாசிகளின் மடமாக இருந்ததாம். உள்ளே நுழைந்ததுமே 'டொம், டொம்' என்று உலக்கை இடிக்கும் சத்தம். ஒரு கணம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. மரத் தொட்டிக்குள் மரச் சம்மட்டிகள் ஏறி ஏறி இறங்குகின்றன. அந்தக் காலத்தில் பழைய வெள்ளைத் துணிகளை - சணல் நார்த் துணி, லினன் துணி - பெண்கள் உட்கார்ந்து ரகம் பிரிப்பார்களாம். பொத்தானை அறுப்பது, தையலைப் பிரிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பாத்திரக்காரனுக்குப் பழைய புடவை போடும் நம் வழக்கம் நினைவுக்கு வந்தது. நமக்குக் கிண்ணம் கிடைத்தது. அவர்களுக்குக் காகிதம் கிடைத்தது.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். மோர் போல் இருந்த கூழில் கம்பிச் சல்லடை கட்டிய சட்டத்தை அமிழ்த்தி, லேசாக முன்னும் பின்னும் ஒரு ஆட்டு ஆட்டித் தூக்கினார். தண்ணீர் வடிந்தது. சல்லடை மேல் தோசை மாதிரி ஒரு படலம் தங்கிற்று. அதைக் கம்பளித் துணி மேல் கவிழ்த்து ஓர் அழுத்து அழுத்தினார். ஒரு தாள் தயார்! என்னையும் செய்யச் சொன்னார். நான் செய்தது ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் ஓட்டையாகவும் வந்தது. முதல் தோசை யாருக்குத்தான் சரியாக வந்திருக்கிறது?

பெரியவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண் மொழிபெயர்த்தாள். நான் என் கேள்வியைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு தாள்களை எடுத்து வந்தார். ஒன்றைக் காதருகில் உதறினார், சத்தமே இல்லை. இன்னொன்றை உதறினார், கஞ்சி போட்ட வேஷ்டி மாதிரி சடசடத்தது. பிறகு இரண்டின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். முதல் தாளில் அது உடனே ஊறிப் போயிற்று. இரண்டாவது தாளில் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றது. கடைசியாக, தாளின் மூலையை என் நாக்கு நுனியில் வைக்கச் சொன்னார்! முதல் தாள் நாக்கில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது ஒட்டவில்லை.

"இது வெறும் தாள். அது பசை குடித்த தாள்" என்றார்.

நேயர்களே, மர்மம் இதுதான். காகிதம் என்பது நார்களின் பின்னல். வெறுமனே விட்டால் மை, தண்ணீர், எண்ணெய் எது பட்டாலும் உறிஞ்சிவிடும். அரபு தேசங்களிலிருந்து ஐரோப்பாவுக்குக் காகிதம் வந்த காலத்தில் அதற்குக் கஞ்சிதான் போட்டார்கள். நாம் புடவைக்குப் போடுவது போல. ஈரமான ஐரோப்பியத் தேசங்களில் அந்தக் கஞ்சியைப் பூஞ்சையும் பூச்சியும் தின்றுவிட்டன. 'நிலைத்து நிற்காத பொருள்' என்று காகிதத்துக்குக் கெட்ட பெயர் வந்தது. 1231-ம் வருஷம் இரண்டாம் பிரெடெரிக் சக்கரவர்த்தி, அரசாங்கப் பத்திரங்களைக் காகிதத்தில் எழுதக்கூடாது, தோலில்தான் எழுத வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்.

அப்போது ஃபாப்ரியானோக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மிருகத் தோலைக் காய்ச்சி எடுத்த ஜெலட்டின் பசையை வெதுவெதுப்பாக வைத்து, உலர்ந்த தாள்களை அதில் முக்கி எடுத்துக் கயிற்றில் காயப் போட்டார்கள். பசை நார்களைச் சுற்றி ஒரு சட்டை போல் போர்த்திக்கொண்டது. பூச்சி அரிப்பது குறைந்தது, மை ஊறவில்லை. ஐரோப்பா முழுவதும் அவர்கள் வழியைப் பின்பற்றியது. கோரோவின் கைக்கு வந்த காகிதமும் கந்தல் துணியில் செய்து ஜெலட்டின் முக்கிய இந்த ஜாதிதான். அதற்கு மேலும் சித்திரக்காரர்கள் ஒரு மெல்லிய பூச்சுப் பூசிக்கொள்வது வழக்கம். படம் முடிந்த பிறகு அதைக் கான்வாஸ் மேல் ஒட்டிப் பத்திரப்படுத்தினார்கள்.

அத்தையின் தாள் என்ன ஆயிற்று என்று இப்போது சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காகிதத்துக்கான தேவை பெருகிக் கந்தல் போதாமல் போயிற்று. மரத்தை அரைத்துக் காகிதம் செய்ய ஆரம்பித்தார்கள். ஜெலட்டினுக்குப் பதில் குங்கிலியமும் படிகாரமும் சேர்த்தார்கள். விலை குறைந்தது, எல்லாக் குழந்தைகளுக்கும் நோட்டுப் புத்தகம் கிடைத்தது. அது பெரிய உபகாரம்தான். ஆனால் அந்தக் காகிதத்துக்குள்ளேயே அமிலம் குடியிருந்தது. அதன் மேல் ஆளிவிதை எண்ணெயும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை வாங்கிக்கொண்டு இறுகுகிறது. இறுகும்போது அமிலமும் உண்டாகிறது. அது நார்களை அரித்து ஒடிய வைக்கிறது. இன்னொரு பக்கம், வர்ணத்தைப் பிடித்து வைக்க வேண்டிய எண்ணெயைக் காகிதம் குடித்துவிடுவதால் வர்ணம் பிடிப்பில்லாமல் சுண்ணாம்பாக உதிர்கிறது.

மஞ்சள் வளையம், சுண்ணாம்பு பூத்த புடவை, ஒடிந்த மூலை - மூன்றுக்கும் காரணம் அத்தையின் கையல்ல. ஒரு பூச்சு! ஒரே ஒரு பூச்சு இல்லாத குறை! அந்த மடத்துத் தாழ்வாரத்தில் நின்றபடியே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரியவர் பயந்துபோய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். மொழிபெயர்த்த பெண்ணிடம் அத்தையின் கதையைச் சொன்னேன். அவள் அவருக்குச் சொன்னாள். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அந்தச் சடசடக்கும் தாளைச் சுருட்டி, நூல் கட்டி, என் கையில் கொடுத்தார். பணம் வாங்கிக்கொள்ளவில்லை.

* * *

ஊருக்கு வந்ததும் அத்தையிடம் சொன்னேன். "அத்தே, தப்பு உன் கையிலே இல்லே. காகிதத்துலேதான்."

அத்தை பதில் சொல்லவில்லை. தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "அதுக்குப் பூசற பசையை எதுலேடி காய்ச்சறா?" என்றாள்.

"மாட்டுத் தோல், முயல் தோல்..." என்று ஆரம்பித்தேன்.

"சரிதான்! என் சமையல் உள்ளுக்குள்ளே அந்தப் பாத்திரம் வராது!"

நல்லவேளையாக இந்தக் காலத்தில் அதற்கு மாற்று இருக்கிறது. சித்திரச் சாமான் விற்கும் கடைகளில் 'அக்ரிலிக் ஜெஸ்ஸோ' என்று வெள்ளையாக, தயிர் பதத்தில் ஒன்று விற்கிறார்கள். அது தோல் பசையல்ல; செயற்கைப் பிசின். அத்தைக்குத் திருப்தி. எனக்கும் திருப்தி, ஏனெனில் தோல் பசை காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி வாங்கி உப்பக் கூடியது. சென்னைக் கடற்காற்றுக்கு அக்ரிலிக்தான் லாயக்கு.

உங்கள் வீட்டிலும் சித்திரம் எழுதும் பெண்ணோ பிள்ளையோ இருக்கலாம். கான்வாஸ் விலையைக் கேட்டு மலைத்திருக்கலாம். அவர்களுக்காக நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் காகிதம். பஞ்சில் செய்தது, அமிலமில்லாதது, சதுர மீட்டருக்கு 300 கிராம் கனமுள்ளது என்று கேட்டு வாங்குங்கள். இத்தாலிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. புதுச்சேரி அரவிந்தாசிரமத்தில் 1959-லேயே கைக்காகிதக் கூடம் ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பாருங்கள். நாக்குப் பரீட்சையும் செய்யலாம், கடைக்காரர் பார்க்காதபோது.

தாளை ஒரு பலகையில் வைத்து நான்கு ஓரத்தையும் ஒட்டுத் தாளால் ஒட்டிக்கொள்ளுங்கள். ஜெஸ்ஸோவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, நீர்மோர் ஆக்கிவிடாமல் தோசை மாவு பதத்துக்குக் கொண்டுவந்து, அகலமான பிரஷ்ஷால் இடமிருந்து வலமாக ஒரு பூச்சுப் பூசுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு மேலிருந்து கீழாக இரண்டாவது பூச்சு. கெட்டியாக ஒரே தடவையில் அப்பினால் பிற்பாடு வெடிக்கும். மெல்லியதாக இரண்டு, மூன்று தடவை பூசுவதே சரி. உலர்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் பூசினால் தாள் அப்பளப்பூவாகச் சுருளும். ஆகவே பெயர்த்தெடுத்துப் பின்பக்கமும் ஒரு பூச்சுப் பூசுங்கள். உலர்ந்தபின் வெண்ணெய்த் தாள் இடையில் வைத்து, கனமான புஸ்தகங்களை மேலே ஏற்றுங்கள். (தீபாவளி மலர்கள் இதற்கு மிகவும் ஏற்றவை.) மூன்று நாள் பொறுங்கள். பிறகு ஒரு மூலையில் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் விட்டு, மறுநாள் தாளைத் திருப்பிப் பாருங்கள். கறை தெரிந்தால் இன்னொரு பூச்சு வேண்டும். தெரியாவிட்டால் நீங்கள் தாராளமாக எழுதலாம். காகிதம் வளையும் பொருள் என்பதால் வர்ணத்தை மட்டும் கனமாக அப்ப வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே பழுதான பழைய படம் வீட்டில் இருந்தால், எண்ணெய் தடவினால் பளபளக்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தடவாதீர்கள். வியாதிக்குக் காரணமானதையே மருந்தாகக் கொடுப்பது போல் அது. வெயிலும் ஈரமும் படாமல், அமிலமில்லாத அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக வையுங்கள். பழுது பார்க்கத் தெரிந்தவர்களிடம் மட்டும் கொடுங்கள். ஒடிந்துபோன நார் மறுபடி இளமையாகாது. மேலும் ஒடியாமல் காக்கத்தான் முடியும்.

* * *

ஃபாப்ரியானோ தாளுக்குப் பூச்சுப் பூசியது ஒரு வெள்ளிக்கிழமை. மூன்று நாள் என்று சொன்னேன். அத்தை ஒரு வாரம் காத்திருந்தாள். பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன். எட்டாம் நாள் பீரோவுக்குப் பின்னாலிருந்து பழைய படத்தை எடுத்து, முதல் தடவையாகச் சுவரைப் பார்க்காமல் நம்மைப் பார்க்கும்படி நாற்காலியில் சாத்தினாள். பாட்டியின் முகம் மட்டும் இன்னும் ஒடியாமல் இருந்தது. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பெண், பதினெட்டு வயதில் தான் எழுதியதைப் பார்த்து எழுத உட்கார்ந்தாள்.

கை நடுங்கிற்று. முறம் சற்றுக் கோணலாக வந்தது. பாட்டியின் பார்வை மட்டும் கோணவில்லை. பழைய படத்தில் பாட்டி அரிசியைப் பார்த்தாள். புதுப் படத்தில் இலேசாக நிமிர்ந்து யாரையோ பார்க்கிறாள். ஏன் மாற்றினாய் என்று கேட்டதற்கு, "அன்னிக்கு நான் எழுதறச்சே அம்மா நடுவிலே நிமிர்ந்து பார்த்தா. அப்போ போடத் தெரியலே" என்றாள்.

இது நடந்து எட்டு மாதமாகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை படத்தைக் காட்டுகிறாள். ஆனால் முன்பக்கத்தைக் காட்டுவதோடு விடுவதில்லை. சுவரிலிருந்து கழற்றி, சட்டத்தின் பின் அட்டையை நகர்த்தி, "பின்னாலே பார்த்தேளா?" என்று கேட்கிறாள்.

வந்தவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. அங்கே ஒன்றுமில்லை. தாளின் பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது.